துகள்களை எண்ணிய கதை: கோலார் முதல் ஊட்டி வரை

பழைய மாணவர் சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அதுவும் இயற்பியல் வரலாறாக இருக்க வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். "பெரிய பெரிய ஆளுங்களைப் பத்தி எழுதாதீங்க, பசங்களுக்கு உபயோகமா எழுதுங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஆகவே ஒரு சாதாரணப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். ஹிஸ்டோகிராம். பள்ளிப் பாடநூலில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்தோமே, அதேதான்.

முதலில் ஒரு ஒப்புதல். லேபில் கிராஃப் ஷீட்டில் ஒன்பது புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்து பத்தாவது புள்ளி ஒதுங்கி நின்றால் நாம் என்ன செய்தோம்? ரப்பரை எடுத்து அழித்து, அதையும் கோட்டுக்குள் தள்ளிவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். செய்யாதவர்கள் கை தூக்கலாம்! அந்தப் பத்தாவது புள்ளியை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முகையூர்ப் பக்கம் விதைக்கு மல்லாட்டை உடைக்க உட்காருவார்கள். ஒரு படி மல்லாட்டையை எடுத்து ஒரு பருப்பு உள்ள காய், இரண்டு பருப்புக் காய், மூன்று பருப்புக் காய் என்று தனித்தனிக் குவியலாகப் போட்டுப் பாருங்கள். மூன்று குவியல், மூன்று உயரம். இதுதான் ஹிஸ்டோகிராம். நாடெங்கும் விதைத்த டி.எம்.வி. மணிலா ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் நம் திண்டிவனத்தைக் குறிப்பவை. ஒரு ரகம் இன்னொன்றைவிட மேலா என்று முடிவு செய்வதற்கும் இப்படித்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹிஸ்டோகிராம் என்ற பெயரை 1890களில் வைத்தவர் இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன். குவியல் போட்டுப் பார்க்கும் வழக்கம் அதைவிட எவ்வளவோ பழசு.

இனி துகளுக்கு வருவோம். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் இரவு பகலாக விழுந்துகொண்டே இருக்கின்றன. அவை காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மியூவான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு துகள் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் இந்தப் பொழிவுக்குக் கணக்கு எழுதியவர்கள் ஹோமி பாபாவும் ஹைட்லரும், ஆண்டு 1937. ஆனால் அது சராசரிக் கணக்கு. ஒவ்வொரு பொழிவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்ற கேள்வி பாக்கி நின்றது. பாபாவிடம் பணியாற்றிய சென்னைக்காரர் அல்லாடி ராமகிருஷ்ணன் அதற்கென்றே ஒரு கணித முறையை வகுத்து 1950இல் வெளியிட்டார். சென்னையில் 1962 ஜனவரியில் மேட்சயின்ஸ் என்ற கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

காகிதத்தில் சமன்பாடு தீர்க்க முடியாத இடத்தில் என்ன செய்வது? சீட்டு விளையாடு என்றார் ஸ்டானிஸ்லா உலாம். 1946இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது சீட்டுக்கட்டில் தனியாள் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர், ஜெயிக்கும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிப்பதைவிட நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிடலாமே என்று யோசித்தார். சூதாட்ட ஊரான மாண்டி கார்லோவின் பெயரே இந்த முறைக்கு நிலைத்துவிட்டது. 1952இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டர் இல்லாமலே இதைச் செய்தார். ஓர் உருளையின் மேல் நிகழ்தகவு வரைபடத்தை ஒட்டிச் சுழற்றி விடுவார். நிற்கும் இடத்தைப் பார்த்து "இந்த எலெக்ட்ரான் பிழைத்தது, இந்த ஃபோட்டான் இரண்டாகப் பிரிந்தது" என்று குறித்துக்கொள்வார். பம்பரம் விட்டுப் பிரபஞ்சத்தைப் படித்த மாதிரி!

இன்றைய மாணவர்கள் இதை ஹாஸ்டல் அறையிலேயே செய்யலாம். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்டு. கால்குலேட்டரில் 0க்கும் 1க்கும் இடையே ஒரு குலுக்கல் எண் எடுங்கள். அதன் இயல் மடக்கையை மைனஸ் 2.2ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு கற்பனை மியூவானின் ஆயுள். குலுக்கல் எண் 0.5 என்றால் ஆயுள் 1.52 மைக்ரோ செகண்டு. இரண்டாம் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். 0.1 என்றால் 5.07; ஆறாம் கட்டத்தில் ஒரு கோடு. இப்படி ஆயிரம் மியூவான்களுக்கு, ஒரு மைக்ரோ செகண்டுக்கு ஒரு கட்டம் வீதம் போட்டால், எதிர்பார்க்கும் உயரங்கள் 365, 232, 147, 93, 59, 38. மீதி 65, 66 அதற்கப்பால் போகும்.

ஆனால் உங்களுக்குச் சரியாக 365 வராது. 350 வரலாம், 380 வரலாம். பயப்பட வேண்டாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருப்பது இயற்கை. 365க்கு அது 19. அதாவது நூற்றுக்கு 5. ஆறாம் கட்டத்தின் 38க்கு அது 6. அதாவது நூற்றுக்கு 16. எண்ணிக்கை குறையக் குறையக் கட்டத்தின் பேச்சை நம்புவது கடினமாகிறது. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு சிறு செங்குத்துக் கோடு போட்டு "எனக்கு இவ்வளவுதான் நிச்சயம்" என்று சொல்ல வைக்கிறோம். கட்டத்தின் அகலத்திலும் கவனம் வேண்டும். ரொம்ப அகலமாக வைத்தால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் மறைந்துபோகும். ரொம்பக் குறுக்கினால் கட்டத்துக்கு ஒன்று இரண்டு என்று விழுந்து, இல்லாத மேடெல்லாம் தெரியும். படத்தைப் பார்த்த பிறகு நமக்குப் பிடித்த மேடு தெரிகிற மாதிரி அகலத்தை மாற்றுவது, ரப்பரால் புள்ளியை நகர்த்துவதற்குச் சமம்.

"இல்லாத துகளுக்குக் கணக்குப் போட்டு என்ன சார் பிரயோஜனம்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். பதில் கோலாரில் இருக்கிறது.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழர் பலருக்கு அது சொந்தக்காரர் ஊர். வட ஆர்க்காடு முதலிய பக்கங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சுரங்கத்தில் உழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தச் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவி வைத்தன. மேலே இருக்கும் பாறை, மியூவான் கூட்டத்தை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் தடையில்லாமல் வரும். 1965இல் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை அங்கே பிடித்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் பிடித்தது. கோலார் குழுவின் முதல் அறிக்கையில் இருந்த நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கட்டங்கள் பெரும்பாலும் காலி. ஆனால் அவை உலகத்திலேயே முதல் கட்டங்கள்.

1980களின் தொடக்கத்தில் அதே சுரங்கத்தில் 140 டன் கருவி ஒன்று இயங்கியது. புரோட்டான் சிதையுமா என்பது கேள்வி. சிதைவது போலத் தோன்றிய சில நிகழ்ச்சிகளைக் குழு 1982இல் வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. சங்கடம் என்னவென்றால், ஒரு நியூட்ரினோ கருவிக்குள் மோதினாலும் ஏறக்குறைய அதே மாதிரி தடயம் விழும். "புரோட்டான் சிதையவே இல்லை என்று வைத்துக்கொண்டால், நியூட்ரினோ மட்டுமே எத்தனை தடயம் தரும்?" என்ற பாவனைக் கணக்கு இங்கே உயிர்நாடியாகிறது. பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல ஆயிரம் டன் தண்ணீர் நிரப்பிய கருவிகள் தேடின; சிதைவு கிடைக்கவில்லை. இன்று வரையிலும் கிடைக்கவில்லை. கோலார்க்காரர்கள் தவறு செய்தார்கள் என்று இதைச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி வெளியிட்டு மற்றவர்கள் சோதிக்கட்டும் என்று விட்டார்கள். எண்ணிக்கைதான் குறைவு. தலைக்கோடு அதைத்தான் முன்கூட்டியே சொல்லும்.

புரோட்டானைத் தேடுபவர்களுக்குத் தொந்தரவாக இருந்த நியூட்ரினோவே பிறகு கதாநாயகனானது. ஜப்பானில் காமியோகா மலைக்கடியில் 50,000 டன் தண்ணீருடன் சூப்பர் காமியோகாண்டே 1996இல் தொடங்கியது. தலைக்கு மேலிருந்து வரும் நியூட்ரினோ எத்தனை, பூமியைத் துளைத்துக் காலுக்குக் கீழிருந்து வருவது எத்தனை என்று கோணவாரியாகக் கட்டம் போட்டார்கள். பக்கத்திலேயே சிமுலேஷன் கட்டங்கள். மேலிருந்து வருவது கணக்கோடு ஒத்துப்போனது. கீழிருந்து வரும் மியூவான் நியூட்ரினோ மட்டும் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. 1998 ஜூனில் தகாயாமா கூட்டத்தில் கஜிதா இதை அறிவித்தார். வழியில் நியூட்ரினோ வேறு வகையாக மாறுகிறது, ஆகவே அதற்கு நிறை உண்டு என்று ஆயிற்று. 2015இல் நோபல் பரிசு. பொய்க்கட்டம் பக்கத்தில் இல்லாமலிருந்தால் மெய்க்கட்டம் குறைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு எண்ணிக்கைக்குக் கைவேலை போதாது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1970களில் எச்புக் என்ற ஃபோர்ட்ரான் நிரல்தொகுப்பு வந்தது. லைன் பிரிண்டரில் எழுத்துகளையே அடுக்கிக் கட்டம் வரைந்த காலம் அது. 1980களில் பா என்ற தொகுப்பு திரையில் வரைந்தது. 1995இல் ரெனே புரூனும் ஃபோன்ஸ் ராடெமேக்கர்ஸும் ரூட் என்ற தொகுப்பைத் தொடங்கினார்கள். அது இன்று இலவசமாகவே கிடைக்கிறது. கருவி மாறியது, கட்டத்தில் ஒன்று விழுந்தால் ஒன்று எண்ணு என்ற விதி மாறவில்லை.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஊட்டியில் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் மியூவான் கருவி நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை 169 திசைகளாகப் பிரித்து எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமழை. மியூவான் எண்ணிக்கை 18 நிமிடத்துக்கு நூற்றுக்கு 2 அளவு குறைந்தது. இரண்டு சதவீதம் ஒரு குறையா என்று கேட்கலாம். நம் வர்க்கமூலக் கணக்கைப் போடுங்கள். 400 கோடியை நிமிடத்துக்கும் திசைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு திசைக்கு நிமிடத்துக்கு 16,400. பதினெட்டு நிமிடத்தில் ஏறக்குறைய 2,95,000. தடுமாற்றம் 543, அதாவது நூற்றுக்கு 0.18. குறைவோ அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

ஏன் குறைந்தது? மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலை மாற்றிவிடுகிறது. கார்சிகா என்ற சிமுலேஷன் நிரலில் மேகத்துக்கு வெவ்வேறு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். 130 கோடி வோல்ட் கொடுத்தபோது கணக்கும் கண்டதும் ஒத்துப்போயின. பலூன் விட்டு அதுவரை அளந்திருந்ததைப் போல இது பத்து மடங்கு. முடிவு 2019இல் வெளிவந்தது. இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். மேகத்துக்குள் யாரும் போகாமலே, எண்ணியே நிரூபித்தது நம் நீலகிரி.

கடைசியாக ஒன்று. தேனி மாவட்டம் பொட்டிபுரம் பக்கம், போடி மேற்கு மலையில் 50,000 டன் இரும்புக் கருவியுடன் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மலை, காடு, தண்ணீர் பற்றி ஊர் மக்கள் எழுப்பிய கேள்விகளாலும் வழக்குகளாலும் பணி நடக்கவில்லை. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி மட்டும் இயங்கியது. ஆனால் பெரிய கருவி என்ன காணும் என்ற சிமுலேஷன் படங்கள் 2017லேயே அச்சாகிவிட்டன. இழப்பு யாருக்கு, நியாயம் யார் பக்கம் என்பதில் நம் நண்பர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. இந்த மலரில் அதைத் தீர்க்க முடியாது. அந்தப் படங்களில் பாவனைக் கட்டம் இருக்கிறது. பக்கத்தில் மெய்க்கட்டம் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. சிமுலேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கேள்விதான், பதில் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தம்பி தங்கைகளே! கோலாரில் கட்டங்கள் காலியாக இருந்தன. காலி என்றே எழுதினார்கள். காமியோகாவில் கட்டம் பாதியாக நின்றது. பாதி என்றே எழுதினார்கள். ஊட்டியில் இரண்டு சதவீதம் பள்ளம் விழுந்தது. கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் காரணம் தேடினார்கள். இவர்களில் யாராவது ரப்பரை எடுத்திருந்தால் இந்த வரலாறே இல்லை. நாங்கள் அழித்த புள்ளிகளில் பெரும்பாலானவை ஸ்க்ரூ கேஜைச் சரியாகப் படிக்காததால் வந்தவையாகத்தான் இருக்கும். ஆனாலும் அது நமக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. நீங்களாவது அடுத்த முறை ஒரு புள்ளி ஒதுங்கி நின்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். தலையில் ஒரு கோடு போடுங்கள். மறுபடி ஒரு தடவை எண்ணுங்கள்.