எண்ணெய்க்கு விலக்கு

1936ஆம் ஆண்டு, ஜூன் 30. ஜெனீவாவிலே சர்வதேச சங்கத்தின் பேரவை கூடியிருந்தது. மேடை ஏறினார் நாடிழந்த மன்னர் ஒருவர், அபிசீனியாவின் ஹெய்லி செலாசி. அவர் வாய் திறக்கு முன்பே சீழ்க்கை ஒலி! கூச்சல்! ஏளனம்! மாடத்தில் அமர்ந்திருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் எழுப்பிய இரைச்சல் அது. நாட்டைப் பறித்தது போதாதென்று, நியாயம் கேட்கும் நாவையும் அடக்க முனைந்தனர். அவர்கள் வெளியேற்றப்பட்டனர், தம் நாட்டு அம்ஹாரிக் மொழியிலேயே பேசினார் மன்னர்.

முடிமன்னருக்காக வாதாடுவது நமது நோக்கமன்று. அவரது நாட்டிலே அடிமை முறை இருந்தது. பிரபுக்களின் ஆதிக்கமும் இருந்தது. ஆயினும் அன்று எழுந்த கேள்வி ஒரு மன்னரின் கேள்வியன்று. எளிய நாடுகள் அனைத்தின் கேள்வி. வலியவன் வாக்கை மீறினால் உங்கள் சட்டம் என்ன செய்யும்?

1896இல் அடோவாப் போர்க்களத்திலே அபிசீனிய மக்கள் இத்தாலியப் படையை முறியடித்தனர். அந்தத் தோல்வியைத் தேசத்தின் மானக்கேடென்று சொல்லிச் சொல்லி வளர்த்தனர் இத்தாலியின் ஆதிக்கவாதிகள். 1922இல் பதவிக்கு வந்த முசோலினி, பண்டை ரோமாபுரியின் பெருமையையும் அதனுடன் குழைத்து மக்களுக்கு ஊட்டினான். வேலை கேட்டவனுக்கும் பழம்பெருமை! உரிமை கேட்டவனுக்கும் பழம்பெருமை! 1935 அக்டோபர் 3 அன்று, போர் அறிவிப்பும் இன்றி, அபிசீனியாவுக்குள் புகுந்தது அவன் படை. அடிமை முறையை ஒழிக்கப் போவதாகச் சொன்னான். ஒரு நாட்டையே அடிமையாக்கினான்.

சங்கம் என்ன செய்தது? ஐம்பது நாடுகள் இத்தாலியைக் குற்றவாளி என்றன. நவம்பர் 18இல் பொருளாதாரத் தடை தொடங்கிற்று. ஆயுதம் விற்கக் கூடாது. கடன் கொடுக்கக் கூடாது. இத்தாலியின் சரக்கை வாங்கக் கூடாது. நல்ல தீர்ப்புத்தான்! ஆனால் எண்ணெய்க்கு விலக்கு. விமானமும் டாங்கியும் லாரியும் எதனால் ஓடுமோ, அதற்குத் தடை இல்லை! சங்கத்தில் சேராத அமெரிக்கா விற்றுவிடும் என்றனர். முசோலினி சீறுவான் என்றனர். பிரிட்டனின் பாதுகாப்பிலிருந்த சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியின் படைக்கப்பல்கள் சுங்கம் செலுத்திவிட்டுச் சென்றன.

அரைகுறைத் தண்டனை போரை நிறுத்தவில்லை, வெறியைத்தான் வளர்த்தது. தடை தொடங்கி ஒரு மாதம் நிறைந்த டிசம்பர் 18இல், உலகமே நம்மை வதைக்கிறது என்ற கூக்குரலுக்கிடையே, அரசி எலெனா தம் திருமண மோதிரத்தைப் போருக்கு வழங்கினார். இலட்சக்கணக்கான பெண்கள் பின்தொடர்ந்தனர். தங்கத்துக்கு ஈடாகக் கிடைத்தது இரும்பு மோதிரம்! பாதிரிமார் பலர் அதனை வாழ்த்தினர்.

அதே டிசம்பரில் பிரிட்டனின் அயல்நாட்டமைச்சர் ஹோரும் பிரான்சின் லாவலும் பாரிசில் கூடி, அபிசீனியாவின் பெரும்பகுதியைக் கொள்ளைக்காரனுக்கே கொடுத்துச் சமாதானம் வாங்கத் திட்டம் தீட்டினர். செய்தி பத்திரிகைகளில் கசிந்தது, மக்கள் கொதித்தனர், ஹோர் பதவி விலகினார். திட்டம் மடிந்தது. அதற்குள் நாணயமும் மடிந்தது. களத்திலோ, வானிலிருந்து நச்சு வாயு பொழிந்தது. 1936 மே 5இல் அடிஸ் அபாபா வீழ்ந்தது. மன்னர் பேசிய இரு வாரங்களில் தடையும் நீக்கப்பட்டது!

ஏன் இத்தனைத் தயக்கம்? முசோலினியைப் பகைத்தால் அவன் ஹிட்லருடன் சேர்ந்துவிடுவான் என்ற அச்சம் ஒன்று. தாமும் ஆப்பிரிக்காவை ஆண்டுகொண்டே, ஆதிக்கம் தவறென்று உரக்கச் சொல்ல முடியாத கூச்சம் மற்றொன்று. அஞ்சியது நடக்காமலா போயிற்று? அந்த ஆண்டு முடியுமுன்பே ரோமும் பெர்லினும் கைகோத்தன. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1936 மார்ச் 7இல், ஒப்பந்தத்தை மிதித்து ரைன்லாந்தில் படையை நிறுத்தினான் ஹிட்லர். கேட்பாரில்லை. 1938இல் ஆஸ்திரியா; பின்னர் செக்கோஸ்லோவாக்கியா; 1939 செப்டம்பர் 1இல் போலந்து. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே அடங்கிற்று அந்தத் தீ.

எண்ணெயையும் தடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்க நேர்ந்திருக்கும் என்று ஹிட்லரிடம் முசோலினியே கூறியதாக, ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார்.

தோழர்களே! போர் பீரங்கியில் பிறப்பதில்லை. பழம்பெருமை போதையாகும்போது கருவாகிறது. எளியவன் நிலத்தை விலையாக்கிப் பெறும் சமாதானத்தில் வளர்கிறது. பெருமை பேசுவோர் எவராயினும், நம்மவரேயாயினும், நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இந்தப் பெருமைக்கு விலை கொடுக்கப் போகிறவர் யார்? சட்டம் பேசுவோரிடமும் ஒன்று கேட்போம்: உங்கள் பட்டியலில் விடுபட்டது எது? அந்த இரு கேள்விகளையும் உரிய காலத்தில் உரக்கக் கேட்கும் மக்களே உலக அமைதிக்கு உண்மைக் காவலர்!