கோரையில் கட்டிய வாத்து

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்றொரு குகை. 1911-ல் வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டப் போனவர்கள் கையில் பழைய பொருட்கள் சிக்க ஆரம்பித்தன. 1924-ல் லூட், ஹாரிங்டன் என்ற இருவர் தோண்டியபோது கிடைத்தவை 11 பொய் வாத்துகள். வயது சுமார் 2,000 ஆண்டு!

கோரையை மடித்துக் கட்டி உடம்பும் தலையும் செய்து, கருப்பும் செம்பழுப்பும் பூசி, நிஜ வெள்ளை இறகுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அச்சு அசல் கான்வாஸ்பேக் வாத்து. அன்று அங்கே பெரிய ஏரி இருந்தது. திறந்த நீரில் இறங்கும் வாத்து மனிதனை நம்பாது, தன் இனத்தை நம்பும். கோரையோ நன்றாக மிதக்கும், ஏரிக்கரையிலேயே விளையும். பைசா செலவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. பாயில் சுற்றி, குழிக்குள் பொய்த்தளம் போட்டு, அதன் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் லாக்கர்! (பேங்க் புத்தி, விடுமா?) எட்டு முடிந்தவை, மூன்று பாதியில் நிற்பவை. அடுத்த சீசனுக்கு வருவோம் என்றுதானே வைத்திருப்பார்கள்? வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்த நமக்கு அது புரியும்.

வைத்தவர்கள் எடுக்க வரவில்லை. அந்த வாத்துகள் இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்க இந்தியர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.