ஐந்தெழுத்தில் அமைந்த அரண்

கி.பி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் தமிழகத்துக்கு இடுக்கண் மிகுந்த காலம். பாண்டியர் அரியணைக்கு உடன்பிறந்தார் இருவர் பூசலிட்டனர். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பும் நேர்ந்தது. அரசும் அரணும் நிலையாதன என்பதை மக்கள் கண்ணாரக் கண்ட அந்நாளில், உமாபதி சிவாசாரியார் தில்லைக்கு அணித்தாகிய கொற்றவன்குடியில் வாழ்ந்து சித்தாந்த நூல்களை இயற்றியருளினார். அவர்தம் சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அதாவது கி.பி. 1313இல் எழுந்ததாகும்.

தில்லைவாழந்தணர் மரபில் தோன்றிய அப்பெரியார், மறைஞான சம்பந்தரை ஞானாசிரியராகக் கொண்டமையால் தம் மரபினரால் விலக்கப்பெற்றார் என்பர். குலமும் பூசனை உரிமையும் கைவிட்ட விடத்து உயிர்க்கு உற்ற துணை யாது? அவ்வினாவுக்கு விடையாகக் கொள்ளத்தக்கது திருவருட்பயன். பத்து அதிகாரங்களில் 100 குறட்பாக்களால் அமைந்த அந்நூலின் ஒன்பதாம் அதிகாரம் ஐந்தெழுத்தருள்நிலை.

சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலாகிய திரோதத்தையும், மகரம் ஆணவ மலத்தையும் குறிக்கும். உயிராகிய யகரம் நடுவே நிற்கின்றது. ஒருபுறம் சிவமும் அருளும். மறுபுறம் மறைப்பும் மலமும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. மலத்தைச் சார்ந்தவழி "யான், எனது" என்னும் செருக்குத் தோன்றும். எனதென்று பற்றியது அழியுமோ என்னும் அச்சமும் உடன் தோன்றும். அருளைச் சார்ந்தவழி அச்சத்துக்கு இடமில்லை. உடற்கு உரிய வினை நுகர்ந்தே கழியும். துன்பம் வாராதென்று சாத்திரம் கூறவில்லை. வந்த துன்பத்திடையே உயிர் தாங்குநன் இன்றித் தனித்திருந்ததில்லை என்பதே அது தரும் உறுதி. அருள் புதிதாக வந்து எய்துவதன்று, என்றும் உடனிருந்தது. அதனை உணர்தலே அடைக்கலம்.

பிற்காலத்தில், போர்ச்சூழல் காரணமாக, 1648 முதல் 1686 வரை தில்லைக் கூத்தப்பெருமான் திருமேனி தில்லையை விட்டு வேற்றிடங்களில் வைத்துக் காக்கப்பெற்றது. அந்நெடுநாளிலும் அன்பர் நாவில் ஐந்தெழுத்து ஒழிந்ததில்லை.

திருக்கோயிலின் மதிலும் விமானமும் காலத்தால் தேயும். ஆதலின் திருப்பணியும் குடமுழுக்கும் மீண்டும் மீண்டும் வேண்டப்படுகின்றன. அப்பணிக்குப் பொருள் ஈந்த அன்பர்கள், "எனது கொடை" என்னும் நினைவையும் இறைவன் திருவடியில் ஈந்துவிடுவார்களாயின், யகரம் அருட்பக்கம் திரும்பியதாகும். புறத்தே எழுந்த கோயிலோடு அகத்தேயும் ஓர் அரண் எழும், அதற்கு அழிவில்லை.

திருச்சிற்றம்பலம்.