கைத்திறனும் நடத்தையும்: அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைக் கல்வியின் தொடக்கக் காலம் (1906–1935)

முன்னுரை

தொழில்வழிச் சிகிச்சை பயிலும் மாணவரிடம் முதன்மையாக எதிர்பார்க்கத்தக்கது கைத்திறனா, நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையா என்னும் வினா அத்துறையின் தொடக்கத்திலேயே எழுந்தது. அமெரிக்காவில் அவ்வினா எதிர்கொள்ளப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைவினையின் முதன்மை

பாஸ்டனிலிருந்த ஆடம்ஸ் நெர்வைன் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் சூசன் டிரேசி 1906இல் கைவினை வழியாக நோயாளரைப் பேணும் முறையைக் கற்பித்தார். அப்பாடங்கள் 1910இல் நூலாக வெளிவந்தன. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இத்துறைக்கான தேசியச் சங்கம் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஜார்ஜ் பார்ட்டனும் தாமஸ் கிட்னரும் கட்டடக் கலைஞர்கள். வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர். எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப் பணி வழி வந்தவர். சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை ஆசிரியர். பின்புலங்கள் இவ்வாறு வேறுபட்ட நிலையில், நல்ல மாணவரை மதிப்பிடும் அளவுகோலும் ஒன்றாக இருந்திருக்க இயலாது.

அளவுகோலின் மாற்றம்

டன்டன் 1918இல் வெளியிட்ட கோட்பாடுகள் இவ்வகையில் திருப்புமுனையாகும். செயலின் நோக்கம் நோய் நீக்கம். நோயாளியின் இயல்பையும் தேவையையும் அறிந்தே செயலைத் தெரிவு செய்தல் வேண்டும். களைப்புத் தோன்றுமுன் நிறுத்துதல் வேண்டும். விளைபொருள் தரம் குறைந்திருப்பினும் சோம்பியிருத்தலினும் செயல் மேலானது என்பன அவற்றுட் சில. கைவினைஞரின் பெருமை பொருளின் செம்மையில் உள்ளது. சிகிச்சையாளரோ அச்செம்மையை விட்டுக்கொடுக்க வேண்டியவராகிறார். நோயாளி முடைந்த கோணலான கூடையை மாணவி தாமே சீர்செய்தால் கூடை அழகுபெறும். நோயாளியின் விரல்கள் பெறவேண்டிய பயிற்சி பறிபோகும். எனவே, கூர்ந்து நோக்குதலும் பொறுமையும் தலையிடாது காத்திருத்தலும் தொழில்திறன்களாகவே மாறின.

நடத்தையின் இருமுகம்

முதல் உலகப் போரின்போது ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்னும் பெயரில் பெண்கள் இராணுவ மருத்துவமனைகளில் பணியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு இராணுவப் பதவிநிலை வழங்கப்படவில்லை. மருத்துவரின் ஆணைக்குட்பட்டே அவர்கள் செயற்பட்டனர். இச்சூழலில் ‘நன்னடத்தை’ என்பது நோயாளியின்பாற் கொண்ட பொறுப்பை மட்டுமன்றி, அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதலையும் குறிக்கலாயிற்று. இவ்விரண்டும் ஒரே சொல்லுள் அடங்கியதால், நோயாளியின் நலன் கருதி வினா எழுப்பும் மாணவி பண்பற்றவராகக் கருதப்படும் வாய்ப்பும் உருவாயிற்று.

தர நிர்ணயம்

1921இல் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கம் எனப் பெயர் மாறிய அவ்வமைப்பு, 1923இல் பயிற்சிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்தது. அவற்றுள் மருத்துவமனைப் பயிற்சியும் இடம்பெற்றது. கைத்திறனை வகுப்பறைத் தறியிலேயே சோதித்துவிடலாம். நோயாளியின் களைப்பை உணரும் திறனை நோயாளியின் அருகிலன்றிச் சோதிக்க இயலாது. 1935இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்துறைப் பள்ளிகளுக்கான தகுதி நெறிகளை ஏற்றது. இதனால் கல்வித்தரம் உறுதிபெற்றது. மருத்துவத் துறையின் மேலாண்மையும் உடன் வலுப்பெற்றது.

முடிவுரை

பிலடெல்பியாவில் பயின்ற கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். ஆதலின் இவ்வரலாறு இந்தியக் கல்விக்கு அயலானதன்று. மாணவரின் நடத்தையை மதிப்பெண்ணாக்கும் இடமெல்லாம், அளக்கப்படுவது நோயாளிக்கான பொறுப்பா, மேலோர்க்கான பணிவா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.