இரங்கூன் நோயும் கலத்தின் தீச்சாவும்

இறக்கக்கண்டிக் கடற்கரையை விட்டு உள்நாடு செல்வோர் வயல்களைக் காண்பர். மாரி தொடங்கியதும் உழவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவர். வெப்பவலய நாடுகளின் ஈரமண்ணில் வாழும் பற்றீரியா ஒன்று, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே உட்புகுந்து உயிரையே மாய்க்கவல்லது. அதன் வரலாறு நெல் விளையும் நாட்டினராகிய நாம் அறியவேண்டுவதொன்றாம்.

1911ஆம் ஆண்டு இரங்கூன் பொது மருத்துவமனையில் அல்பிரட் விற்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணங்களை அறுத்து ஆய்ந்தபோது, நுரையீரல் முதலிய உறுப்புகளிற் சீழ்க்கட்டிகளைக் கண்டனர். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயை அது ஒத்திருந்தது, கிருமியோ வேறு. மறு ஆண்டே இருவரும் தம் முடிபை வெளியிட்டனர். ஆயினும் நூல்கள் இதனை 'விற்மோர் நோய்' என்றே குறித்தன. கிருஷ்ணசுவாமியின் பெயர் எங்கே போயிற்றோ! பின்னர் மெலியோயிடோசிஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. இலங்கையில் இந்நோய் முதன்முதற் பதிவானது 1927இல்.

அவ்விருவரும் கண்டவை போர் முடிந்த களத்தின் எச்சங்களே. கிருமி புகுந்த கலம் எவ்வாறு மாள்கின்றது என்பது தெளிவாக எண்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1992இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவகத்தில் சைக்கிளின்ஸ்கி, சன்சொனெற்றி முதலியோர், வயிற்றுளைவை விளைக்கும் சிகெல்லாக் கிருமி தன்னை விழுங்கிய கலத்தைக் கொல்வதைக் கண்டு, அதனை ஓசையின்றி ஒடுங்கும் சாவென்றே கருதினர். 2001இல் சியாட்டில் நகரில் ஆய்ந்த குக்சனும் பிரெனனும் அங்ஙனம் அன்று, இஃது அழற்சியை மூட்டும் சாவு எனக் கூறி, தீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பைரொப்ரோசிஸ் எனப் பெயரிட்டனர். நாம் தீச்சாவு எனலாம்.

கிருமியின் கூறுகளை உணர்ந்ததும் கலத்தினுள் காஸ்பேசு என்னும் நொதியம் விழிக்கும். அது காஸ்டேமின் டி என்னும் புரதத்தை வெட்டும். வெட்டுண்ட துண்டுகள் கலமென்சவ்வைத் துளைக்கும். கலம் வீங்கி வெடிக்கும். உள்ளே பதுங்கிய கிருமி வெளிப்பட, வெண்குருதிக் கலங்கள் அதனைச் சூழும். வீட்டுக்குத் தீயிட்டுக் கள்வனை வெளியேற்றுதல் போன்றது இது. காஸ்டேமினின் இத்தொழில் 2015இலேதான் அறியப்பட்டது.

அத்தீ அயல்வீட்டையும் பற்றும். 2011இல் வெளியான எலி ஆய்வொன்று இரங்கூன் நோயிலேயே இதனைக் காட்டிற்று. தீச்சாவும் இன்ரலூக்கின் 18 என்னும் பொருளும் எலிகளைக் காத்தன. உடன்பிறந்த இன்ரலூக்கின் 1 பீற்றாவோ வெண்கலங்களை நுரையீரலில் அளவிறந்து குவித்துக் கேடு விளைத்தது.

நீரிழிவுடையோரையே இந்நோய் மிகுதியும் பற்றும். நெஞ்சில் வரின் காசநோயென மயங்க இடமுண்டு. குருதியிலிருந்தோ சீழிலிருந்தோ கிருமியை வளர்த்துப் பார்த்தே தெளிதல் வேண்டும். தடுப்பூசி இன்னும் வழக்கில் இல்லை. உரிய நுண்ணுயிர்கொல்லியை முதலில் ஊசிவழியும் பின்னர் மாதக்கணக்கில் வாய்வழியும் கொடுப்பர்.