ரணமும் உஷ்ணமும்

வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்யும்போது உள்ளே தேங்கிய உதிரத்தையும் சீழையும் அலசியெடுக்க வார்க்கும் நீரில் எந்த மருந்தைக் கலப்பது என்று மேனாட்டு வைத்தியர்கள் நடத்திய வாதப் பிரதிவாதங்களுக்குக் கணக்கில்லை. அந்நீரின் சூடு எவ்வளவு இருக்கவேண்டும் என்ற பேச்சோ வெகுகாலம் சன்னமாகவே கேட்டது.

இத்தனைக்கும், ரணத்துக்கு உஷ்ணம் செய்யும் கேட்டை 1537ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒருவர் கண்ணாரக் கண்டார். டூரின் நகரப் போரில் பிரெஞ்சுப் படையோடு சென்ற அம்புருவாஸ் பரே என்னும் இளம் ரண வைத்தியர், துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் விஷம் ஏறிவிடுமென்றும் அதைக் கொதிக்கும் எண்ணெயால் சுட்டுத் தீர்க்கவேண்டுமென்றும் ஜியோவன்னி தா விகோ எழுதிவைத்த சாஸ்திரத்தை நம்பிச் சிப்பாய்களின் புண்களில் எண்ணெயைக் காய்ச்சி வார்த்துவந்தவர், ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டை மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், டர்ப்பன்டைன் மூன்றையும் குழைத்துத் தடவிவிட்டுப் படுத்தார். உறக்கம் வரவில்லை. எண்ணெய் படாதவர்கள் விஷமேறி மாண்டிருப்பார்களோ என்ற கிலியோடு அதிகாலையில் போய்ப் பார்த்தால், அவர்கள் நிம்மதியாக இருக்க, சாஸ்திரப்படி சிகிச்சை பெற்றவர்களே ஜுரமும் வீக்கமுமாகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று எண்ணெய் தீர்ந்தது சிப்பாய்களின் பாக்கியம்.

மருந்தைப் பற்றிய வாதத்தில், பின்னர் ரண வைத்தியர் லிஸ்டர் 1867இல் கிருமிகொல்லியாகக் கார்பாலிக் அமிலத்தைப் பிரசித்தமாக்க, பர்மிங்ஹாமில் வயிற்று ரண சிகிச்சையில் பேர்பெற்ற லாசன் டெய்ட் அதை நிராகரித்து, மருந்து கலவாத நீரே போதுமென்று சாதித்தார்.

ஆனால் அந்நீரின் சூடு வேறு விஷயம். கொதிக்கும் எண்ணெயின் கேட்டைப்போலக் குளிர்ந்த நீரின் தீங்கு அத்தனை எளிதில் கண்ணில் படுவதன்று. குடலைப் போர்த்திய மெல்லிய சவ்வை விரித்தால் ஏறக்குறைய மேல்தோலின் பரப்புக்கு வரும். அதன்மீது 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரை விட்டால், அதை 37 டிகிரிக்கு ஏற்ற உடல் 17 கிலோகலோரி செலவழிக்கவேண்டும். உடல் குளிர்ந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கும். திசுவுக்குப் பிராணவாயு குறையும். கிருமிகளோடு பொருதும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும். 1996இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பெருங்குடல் சிகிச்சைக்கு உள்ளான 200 பேரில், உடற்சூடு காக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும், குளிர விடப்பட்டவர்களில் 19 பேருக்கும் காயம் சீழ்ப்பிடித்தது. பின்னவர்களுக்குத் தையல் பிரிக்கவும் ஒரு நாள் கூடுதலாயிற்று. அங்கே உடலைக் காத்தது கழுவுநீர் அன்று, வெப்பக்காற்றும் சூடேற்றி நரம்பில் செலுத்திய திரவமுமே. ஆயினும் உடற்சூட்டைப் பறிக்கும் வழிகளுள் குளிர்ந்த கழுவுநீரும் ஒன்றாதலால், உப்புநீர்ப் புட்டிகளை உடற்சூட்டுக்கு வெதுப்பி வைக்கும் அலமாரி இன்று சிகிச்சைக் கூடங்களில் இடம்பெற்றிருக்கிறது.