பாயாசியின் துலாக்கோல்

வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் திறம் கேட்டு வரும் மணிமேகலைக்கு இறுதியில் எதிர்ப்படுபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும். அவை பிரிந்தால் பறையோசைபோல ஒழியும் என்கிறான் அவன். முற்பிறப்பை உணர்ந்த மணிமேகலை நகைக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்பது கூர்மையான கேள்விதான். ஆயினும் இக்காதையை வகுப்பில் நடத்தும்தோறும் நமக்கு ஒரு குறை எஞ்சும். பூதவாதிக்குச் சாத்தனார் தந்த இடம் மிகச் சிறிது.

பாலி மொழியின் தீக நிகாயம் இவ்வகையில் தாராளமானது. அதன் 23ஆம் சூத்திரத்தில் வரும் பாயாசி, கோசல நாட்டுச் சேதவ்யா நகரை ஆண்டவன். வாதத்தோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தவன். சாகும் தறுவாயிலிருந்த உற்றாரிடம், மறுமையைக் கண்டால் வந்து சொல்லுங்கள் என்று வேண்டினான். சரி என்று போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. திருடன் ஒருவனை உயிரோடு சாலுக்குள் அடைத்து, வாயை மூடி மண் பூசி, அடுப்பில் ஏற்றினான். திறந்தபோது உயிர் வெளியேறக் கண்டிலன். மற்றொருவனை நிறுத்து, கழுத்தை நெரித்துக் கொன்று, மீண்டும் நிறுத்தான். பிணம் முன்னிலும் கனத்தது. (கொல்லப்பட்ட அந்த மனிதர்களைப் பற்றி, மறுத்துரைக்க வந்த துறவி குமார காசபரும் ஒரு சொல் இரங்கவில்லை.)

காசபரின் விடைகள் யாவும் உவமைகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் திருடன் வீட்டாரைக் கண்டுவர விடுவார்களா? மலக்குழியிலிருந்து மீண்டு நீராடியவன் மறுபடி அதில் இறங்குவானா? காய்ச்சிய இரும்பு இலேசு, ஆறியது கனம்; உடலும் அவ்வாறே. அழகிய உவமைகள், ஆனால் வாராமைக்குக் காரணம் கூறுவது வேறு, மறுமையை நிறுவுவது வேறு. தேவர் உளர் என்று உமக்கு யார் சொன்னார் என்று பாயாசியும் விடாமல் கேட்கிறான். எதிர்த்தரப்பின் நூல் அவன் குரலை இவ்வளவு நேர்மையாகக் காத்து வைத்திருப்பது வியப்பே.

நிறுத்துப் பார்க்கும் ஆசை அவனோடு ஒழியவில்லை. அமெரிக்க மருத்துவர் டங்கன் மக்டூகல், இறக்கும் நிலையிலிருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் ஏற்றிக் கண்டதை 1907இல் வெளியிட்டார். முதலாமவர் இறந்த கணத்தில் ஏறத்தாழ 21 கிராம் குறைந்ததாம். இரண்டு சோதனைகளை அவரே ஒதுக்கினார். எஞ்சியவையும் தம்முள் ஒவ்வவில்லை. பாயாசிக்குக் கூடிய எடை இவருக்குக் குறைந்தது.

பாயாசி முடிவில் பணிகிறான். கொள்கையை விட்டால் பிற அரசர்கள் நகைப்பரே என்று தயங்கியதையும் ஒப்புக்கொள்கிறான். பின்னர் மனம் ஒப்பாமல் தானம் செய்து இறந்து, ஆளற்ற ஒரு விண்மாளிகையில் பிறக்கிறான். அங்கு வந்த கவம்பதி என்னும் துறவியிடம், மண்ணுலகத்தாருக்குச் சொல்லும்படி ஒரு செய்தி அனுப்புகிறான்: தானத்தை மனமுவந்து, தம் கையாலேயே செய்யட்டும்.